எந்த மாதிரி?

"ஒருமாதிரி இருக்கு." எங்கள் பக்கத்து ஆண்கள் தங்கள் மனசைப் பற்றிப் பேசினால் பெரும்பாலும் இந்த இரண்டு சொல்லோடு முடிந்துவிடும். மகள் பிறந்த அன்று நான் இதைத்தான் சொன்னேன். அப்பா இறந்தபோதும், கடன்காரர் வாசலில் வந்து நின்றபோதும் இதைத்தான் சொன்னேன். சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு பைக்கை எடுப்பேன். எங்கே போகிறீர்கள் என்று வீட்டில் யாரும் கேட்க மாட்டார்கள். கேட்காமலே தெரியும்.

குடிநோய்க்காக இரண்டாவது தடவை மருத்துவமனையில் சேர்ந்திருந்தபோது, அங்கே ஆலோசகராக இருந்த இளம்பெண் ஒருவர் காலையில் வந்து, "இன்னைக்கு எப்படி இருக்கீங்க அண்ணா?" என்று கேட்டார்.

"ஒருமாதிரி இருக்கு."

"எந்த மாதிரி?"

அவர் கிண்டலாகக் கேட்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, என் பதிலுக்காகக் காத்திருந்தார். எனக்கு அப்போது 43 வயது. தமிழும் மலையாளமும் பேசுவேன், வளைகுடாவில் ஆறு வருடம் வேலை பார்த்ததில் இந்தியும் ஓரளவு வரும். உள்ளே கிடந்ததைச் சொல்ல இதில் ஒரு மொழியிலும் சொல் கிடைக்கவில்லை. கோபமா என்றார். இல்லை என்றேன். பயமா? இல்லை. வெட்கமா என்று கேட்டதும் தொண்டை அடைத்தது. அன்றைக்கு அவ்வளவுதான் பேசினோம்.

குடியை விட்டு இப்போது மூன்று வருடமும் எட்டு மாதமும் ஆகிறது. போன மாதம் இரண்டு பேர் தனித்தனியாக என்னிடம் கேட்டார்கள்: நிறுத்தியாச்சு, ஆனால் ஒவ்வொரு நாளையும் எப்படிக் கடத்துவது? அவர்களிடம் வாயால் சொன்னது பாதிதான். மீதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

அதற்கு முன் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நாள்தோறும் அதிகமாகக் குடிப்பவர் வீராப்பாக வீட்டிலேயே திடீரென்று நிறுத்தக் கூடாது. கடைசியாகக் குடித்த சில மணி நேரத்தில் கை நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாள் வரைக்கும் சிலருக்கு நினைவு குழம்பி, இல்லாதது கண்ணில் தெரியும். டெலிரியம் ட்ரெமென்ஸ் என்கிற இந்த நிலை உயிரையே எடுத்துவிடக் கூடியது. முதல் தடவை எனக்குச் சுவர் முழுக்க எறும்பு ஊர்ந்தது. எழுந்து எழுந்து துடைத்துக்கொண்டே இருந்தேன். மருத்துவமனையில் இதற்கு மாத்திரை கொடுத்து நாளுக்கு நாள் அளவைக் குறைப்பார்கள், தயமின் என்கிற வைட்டமின் பி1 ஊசி போடுவார்கள். மனவுறுதி இருந்தால் போதும் என்று சொல்லி யாரும் உங்களை வீட்டில் பூட்டி வைக்க விடாதீர்கள்.

சரி, நாட்களைக் கடத்துவது என்றால் முதலில் குறிக்கோளைப் பற்றிப் பேச வேண்டும்.

குடித்த காலத்திலும் என்னிடம் குறிக்கோளுக்குக் குறைவில்லை. அப்போது அதற்குச் சத்தியம் என்று பெயர். மகள் தலையில் கை வைத்துச் சத்தியம், கோயில் நடையில் சத்தியம், அம்மாவின் படத்துக்கு முன்னால் சத்தியம். எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் இன்னொரு வழக்கமும் உண்டு. கார்த்திகையில் சபரிமலைக்கு மாலை போட்டால் 41 நாள் சொட்டுக்கூடத் தொட மாட்டார்கள். கிறிஸ்தவ வீடுகளில் தவக்காலம் நாற்பது நாளும் இப்படியே. நானும் தொடக்க காலத்தில், உடம்பு குடிக்கு அடிமையாகும் முன், நாலு வருடம் மாலை போட்டிருக்கிறேன். விரதம் முடிந்து மாலையைக் கழற்றிய அன்று சாயங்காலமே பழைய இடத்தில் இருப்பேன்.

41 நாள் முடிந்த மனிதனுக்கு 42-ஆம் நாள் ஏன் முடியவில்லை? இதைப் பல நாள் யோசித்திருக்கிறேன். விரத நாளுக்கு ஒரு வடிவம் இருந்தது. விடியுமுன் பச்சைத் தண்ணீரில் குளியல், சரணம், ஒரு வேளைச் சாப்பாடு, சாயங்காலம் பஜனை. ஊரே என்னைச் சாமி என்று கூப்பிடும். ஒவ்வொரு மணி நேரத்துக்கும் கையில் ஒரு வேலை, பக்கத்தில் ஒரு ஆள். "குடிக்க மாட்டேன்" என்கிற சத்தியத்தில் இது எதுவும் கிடையாது. சாயங்காலம் ஐந்தரைக்கு நான் என்ன செய்ய வேண்டும் என்று அது சொல்லவே இல்லை. செய்யக் கூடாத ஒன்றை மட்டும் சொல்லிவிட்டு என்னைத் தனியாக விட்டுவிட்டது.

முதல் தடவை சிகிச்சை முடிந்து வந்ததும் இன்னும் பெரிய தப்பு செய்தேன். அடகில் இருந்த மனைவியின் சங்கிலியை மூன்று மாதத்தில் மீட்பது, கூட்டுறவுக் கடனை ஒரு வருடத்தில் அடைப்பது, வீட்டுக்குத் தரை ஓடு போடுவது, அண்ணனோடு இருந்த பகையைத் தீர்ப்பது என்று ஒரு தாளில் எழுதி அலமாரிக் கதவில் ஒட்டினேன். அழகாக இருந்தது. வீட்டுக்கு வந்தவர்களுக்குக் காட்டினேன். உண்மையில் அந்தத் தாள், பத்து வருடம் குடித்ததன் வெட்கத்தை மூன்று மாதத்தில் அழித்துவிட நான் போட்ட கணக்கு. 74-ஆம் நாள் அடகுக் கடையிலிருந்து நகை ஏலத்துக்குப் போகிறது என்று கடிதம் வந்தது. அலமாரிக் கதவைப் பார்த்தேன். மனைவியிடம் "ஒருமாதிரி இருக்கு" என்றேன். பைக்கை எடுத்தேன்.

அன்றைக்குக் குடித்தது ஒரு குவார்ட்டர்தான். அதோடு நின்றிருக்கலாம். ஆனால் வீடு திரும்பும் வழியில் மனசு "எல்லாம் போச்சு" என்றது. போனது போகட்டும் என்று மறுநாளும் குடித்தேன். பத்தொன்பது நாள் தொடர்ந்து குடித்து, மறுபடியும் ஆஸ்பத்திரி. ஆலன் மார்லட் என்கிற அமெரிக்க உளவியலாளர் இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். முதல் சறுக்கல் ஒன்று, அதன் பிறகு முழுதாக விழுவது வேறொன்று என்று அவர் பிரித்துப் பார்த்தார். இரண்டுக்கும் நடுவில் பாலம் போடுவது சாராயத்தைவிட, "நான் இவ்வளவுதான், இனி என்ன" என்கிற அந்த நினைப்பு. 74 நாள் குடிக்காமல் இருந்தது அந்த ஒரு ராத்திரியால் இல்லாமல் போகாது என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் ஆஸ்பத்திரிக்கு மறுநாளே போயிருப்பேனோ என்னவோ. இப்போது நான் பலரிடம் சொல்கிறேன். சறுக்கினால் அன்றைக்கே யாரையாவது கூப்பிடு, விடியும் வரை காத்திருக்காதே.

எனக்கு குலசேகரம் பக்கத்தில் 150 சென்ட் ரப்பர் இருக்கிறது. பாலுக்காகப் பட்டையை வெட்டுவதும் நான்தான். விடியுமுன் நாலு மணிக்குத் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு இறங்கினால், வெட்டி முடித்து, சிரட்டையில் பால் சேர்ந்ததும் எடுத்து, ஆசிட் ஊற்றி உறைய வைத்து, ரோலரில் இழுத்து ஷீட்டாக்கிக் காயப் போட மதியம் ஆகிவிடும். இரண்டாவது தடவை வீட்டுக்கு வந்த பிறகு ஒரு நாள் மரத்தடியில்தான் எனக்கு விளங்கியது. ரப்பரில் ஒரு வெட்டுக்கு எடுக்கும் பட்டை ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர். இன்றைக்குப் பணம் தேவை என்பதற்காகக் கத்தியை ஆழமாக இறக்கினால் பால் கூடக் கிடைக்கும், ஆனால் மரம் காயப்படும். காயம் பட்ட இடத்தில் புதுப்பட்டை ஒழுங்காக வராது, முடிச்சு முடிச்சாகத் தடிக்கும். அந்தப் பாகத்தில் பிறகு வெட்டவே முடியாது. இதை எனக்குச் சின்ன வயதிலேயே அப்பா கையைப் பிடித்துச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். மரத்துக்குக் காட்டிய பொறுமையை நான் எனக்குக் காட்டவில்லை.

அலமாரித் தாளைக் கிழித்தேன். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். இடது பக்கத்தில் நாளைக்குச் செய்ய வேண்டிய மூன்று வேலை, ஒவ்வொன்றுக்கும் நேரம் போட்டு. அதில் ஒன்று கட்டாயம் சாயங்காலம் ஐந்தரைக்கும் ஏழுக்கும் நடுவில் வர வேண்டும். வேலை எவ்வளவு சின்னது என்றாலும் சரி, ராத்திரி படுக்கும்போது முடிந்ததா இல்லையா என்று சந்தேகமில்லாமல் சொல்ல முடிய வேண்டும். "நல்ல அப்பாவாக இருப்பது" என்று எழுதக் கூடாது. "6 மணி, மகளை டியூஷனிலிருந்து கூட்டி வருவது" என்று எழுத வேண்டும். முதல் வாரத்து நோட்டைப் புரட்டினால் எனக்கே நெஞ்சு கலங்குகிறது. கோழிக்கூட்டுக் கதவு சரி செய்வது. கிணற்றுக் கயிறு மாற்றுவது. அம்மாவைப் பெற்ற பாட்டியைப் பார்த்துவிட்டு வருவது. பத்து வருடமாக நான் எதையெல்லாம் பார்க்காமல் இருந்தேன் என்பது அந்தப் பக்கங்களில் இருக்கிறது.

வலது பக்கத்தின் தலைப்பு "எந்த மாதிரி?"

தொடக்கத்தில் அந்தப் பக்கம் காலியாகவே கிடந்தது. அப்புறம் எங்கள் குழுவில் சொல்லிக் கொடுத்த நாலு சொல்லை வைத்துத் தொடங்கினேன்: பசி, கோபம், தனிமை, சோர்வு. குடியை விட்டவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் குழுக்களில் இது பழைய பாடம். உள்ளே ஏதோ செய்கிறது என்றால் முதலில் இந்த நாலில் எது என்று பார். எனக்குப் பெரிய ஆச்சரியம் என்னவென்றால், பல நாள் நான் துக்கம் என்று நினைத்தது பசி. நாலு மணிக்கு எழுந்தவன், ஒரு கட்டன் சாயாவோடு தோட்டத்தில் இறங்கி, மதியம் அவசரமாக எதையோ விழுங்கிவிட்டு வெயிலில் ஷீட் திருப்பினால் சாயங்காலம் மனசு இருட்டாமல் என்ன செய்யும்? நாலரை மணிக்கு மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும், இல்லை என்றால் கஞ்சியும் பயறும் என்று நோட்டில் எழுதிச் சாப்பிடத் தொடங்கினேன். ஐந்தரை மணிப் பிசாசின் பாதி பலம் அதிலேயே போய்விட்டது.

மீதிப் பாதிக்குப் பசி காரணமில்லை. அங்கேதான் சொற்கள் தேவைப்பட்டன. நான் கோபம் என்று எழுதிய பல நாளில், இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்தால் அடியில் பயம் இருந்தது. மகள் ஏதோ கேட்டதற்கு எரிந்து விழுந்தேன் என்றால், பணம் இல்லை என்று அவளிடம் சொல்லப் பயம். கல்யாண வீட்டுக்குப் போகப் பிடிக்கவில்லை என்றால் அது வெறுப்பே இல்லை. முன்பு ஒரு பந்தியில் நான் செய்த ரகளையை அங்கே யாருக்காவது ஞாபகம் இருக்குமே என்கிற வெட்கம். பெயர் தெரிந்ததும் உணர்ச்சி மாயமாகிவிடாது. ஆனால் பயத்துக்குச் செய்ய வேண்டியது வேறு, வெட்கத்துக்குச் செய்ய வேண்டியது வேறு. "ஒருமாதிரி இருக்கு" என்பதற்கு மட்டும்தான் எனக்கு ஒரே மருந்து தெரிந்திருந்தது.

சந்தோஷத்தைப் பற்றி யாரும் என்னை எச்சரிக்கவில்லை. மகளுக்குப் பத்தாம் வகுப்பு முடிவு வந்த அன்று, அவள் மதிப்பெண்ணைப் பார்த்ததும் உடம்பெல்லாம் குடி கேட்டது. துக்கத்தில்கூட அப்படிக் கேட்டதில்லை. நான் மிரண்டுபோனேன். சந்தோஷத்தை எப்படி வைத்துக்கொள்வது என்றே எனக்குத் தெரியாமல் போயிருந்தது. அன்று எங்கள் குழுவில் எனக்கு வழிகாட்டியாக இருக்கும் அண்ணனுக்குப் போன் செய்தேன். அவர் கடற்கரைக்காரர், குளச்சல் பக்கம். வள்ளத்தில் போய் மீன் பிடிப்பவர்.

"வாச்சைப் பாரு மக்களே," என்றார். "போனை வைக்காண்டாம். பேசிட்டே இருப்போம்."

கடலுக்கு வள்ளம் இறக்குபவர்கள் அலையோடு சண்டை போடுவதில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று எழும்பி வரும் அலைகளைப் பார்த்துக்கொண்டே நின்று, அடங்கும் இடைவெளியில் இறக்குவார்கள். குடி கேட்பதும் அப்படித்தான், எழும்பும், உச்சிக்குப் போகும், இறங்கும் என்று அவர் சொன்னார். மார்லட்டும் ஏறக்குறைய இதையே, அலையின் மேல் சறுக்கிப் போவதுபோல் அந்த வேட்கையோடு இருப்பதை ஒரு பயிற்சியாகவே வகுத்திருக்கிறார். அண்ணன் அந்தப் பெயரைக் கேட்டதே இல்லை. அன்று என் கைக்கடிகாரத்தில் 22 நிமிடம். அதன் பிறகு நான் பல தடவை அளந்திருக்கிறேன். ஒரு தடவைகூட முக்கால் மணியைத் தாண்டியதில்லை. முடிந்ததும் மகளைக் கூட்டிக்கொண்டு போய் மட்டிப்பழமும் அல்வாவும் வாங்கித் தெரு முழுக்கக் கொடுத்தோம்.

அண்ணனைப் பற்றி இன்னொன்றும் எழுத அவரிடம் அனுமதி வாங்கியிருக்கிறேன். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் வந்தபோது அவருடைய தங்கை மகன் கடலில் இருந்தான். திரும்பவில்லை. அண்ணன் குடியை விட்டு அப்போது நாலு வருடம். நாள்கணக்கில் கரையிலேயே நின்றிருக்கிறார். குழுவில் இருந்தவர்கள் முறை வைத்து, ராத்திரி இரண்டு பேர், பகலில் இரண்டு பேர் என்று கூடவே இருந்திருக்கிறார்கள். யாரும் ஆறுதல் சொல்லவில்லையாம், சாயா வாங்கிக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்களாம். "அழுதேன் மக்களே," என்றார் என்னிடம். "அதுக்கு முன்னால குடிச்சாதான் எனக்கு அழுகை வரும்."

அதைக் கேட்ட ராத்திரி என் நோட்டின் வலது பக்கத்தில் அப்பாவைப் பற்றி எழுதினேன். அவர் இறந்த அன்று நான் போதையில் கிடந்தேன். பதினாறாம் நாள் காரியமான அடியந்திரத்துக்கும் அதே நிலைதான், சித்தப்பா மகன்தான் எல்லாம் செய்தான். ஆறு வருடமாக அந்த இரண்டு நாளையும் "ஒருமாதிரி" என்கிற மூட்டைக்குள் கட்டி வைத்திருந்தேன். நாலு பக்கம் எழுதினேன். துக்கம், குற்றவுணர்ச்சி, அவர் மேல் கொஞ்சம் கோபமும் இருந்தது. அவரும் குடித்தவர். விடியும்போது கத்தியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போய், அவர் வெட்டிய பழைய வரிசை மரங்களிடையே நின்று அழுதேன். சுத்தமான தலையோடு அவருக்காக நான் அழுதது அதுதான் முதல் தடவை.

எல்லாம் நோட்டில் எழுதித் தீர்ந்துவிடும் என்று சொல்ல மாட்டேன். குடியை நிறுத்திய முதல் சில வாரங்களில் மனச்சோர்வு இருக்கும், பலருக்கு அது தானாகவே குறையும். எனக்குக் குறையவில்லை. மனநல மருத்துவர் கொடுத்த மாத்திரையை ஒன்றரை வருடம் சாப்பிட்டேன், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. உயிரை விட்டுவிடலாம் என்கிற நினைப்பு எட்டிப் பார்த்தால் 14416 என்கிற டெலி மானஸ் எண்ணுக்கு எந்த நேரத்திலும் பேசலாம், காசு கிடையாது. போதைப் பழக்கத்துக்கென்று 14446 இருக்கிறது.

மனைவி விஷயத்தில் எனக்கு நோட்டு உதவவில்லை, அவளே உதவினாள். "அவள் என்னை நம்ப வேண்டும்" என்று ஒரு குறிக்கோள் வைத்திருந்தேன். அதைச் சொன்னபோது அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள், நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அது எனக்க காரியம். நீங்க ஒண்ணும் சொல்லாண்டாம். செய்யுங்க, பாப்போம்." முதலில் குத்தியது. அப்புறம்தான் புரிந்தது, அவள் நம்புவதை என் நோட்டில் நான் எப்படி எழுத முடியும்? ஷீட் விற்ற பணத்தை அவள் வங்கிக் கணக்கில் போடுவது என் கையில் இருக்கிறது. கையில் பணத்தோடு கடை இருக்கும் சாலையில் வராமல் சுற்றிவருவது என் கையில் இருக்கிறது. அதை எழுதினேன். அவளும் குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்கான அல்-அனான் கூட்டத்துக்குப் போகத் தொடங்கினாள். 1951-லிருந்து நடக்கும் அமைப்பு, அங்கே என்ன பேசுவார்கள் என்று நான் கேட்பதில்லை. ஒருநாள் திரும்பி வந்து, தனக்கு வந்த கோபமெல்லாம் உண்மையில் கோபம்தான் என்றாள். சங்கிலி ஏலத்தில் போய்விட்டது. மீட்க முடியவில்லை. அதைப் பற்றி அவள் பேசினால் இப்போது நான் எழுந்து போவதில்லை, கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை நேற்று ராத்திரி பிடித்தது, இன்னும் விடவில்லை. பழைய கணக்கில் இது எனக்கு மோசமான காலம். வெட்டு கிடையாது, நாள் முழுக்கச் சும்மா, மதியம் 12 மணிக்கு டாஸ்மாக் திறக்கும். இப்போது ராத்திரி ஒன்பதரை. நாளைக்கு மூன்று வேலை எழுதியாகிவிட்டது: காலையில் ஷீட் உலர்த்தும் புகைப்புரைக் கூரையில் ஒழுகும் இடத்துக்குத் தார்ப்பாய் போடுவது, மூன்று மணிக்கு ரோலருக்கு எண்ணெய், ஐந்தரைக்குப் போன வாரம் ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருக்கும் ஒரு தம்பியைப் பார்க்கப் போவது. வலது பக்கத்தில், கொஞ்சம் பயமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறேன், அவனிடம் என்ன பேசுவது என்று தெரியவில்லை. போகும்போது ஒரு நாற்பது பக்க நோட்டும் பேனாவும் வாங்கிக்கொண்டு போகலாம் என்று இருக்கிறேன்.